டயரைக் காப்பாற்றப் பெற்றோலைப் பூட்டிய காலம்



கொஞ்சம் நீளமான பதிவு. லொறி, டிப்பர், கென்டர் வைத்திருப்பவர்கள் நேரமெடுத்து வாசியுங்கள். மற்றவர்களும் வாசிக்கலாம், நம்முடைய துறைமுகத்தின் கதையும் இதற்குள் வருகிறது.

2022 நடுப்பகுதியை நம் ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த வருடம் ஜனவரியில் ஒரு லீற்றர் டீசல் 121 ரூபாய். ஜூன் 26ஆம் திகதி அது 460 ரூபாய். இரண்டு நாள் கழித்து, அத்தியாவசிய சேவை தவிர வேறு யாருக்கும் எரிபொருள் இல்லை என்று ஜூலை 10 வரை நிறுத்தினார்கள். பாடசாலையும் இல்லை. மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பெற்றோல் வரிசையில் நாம் நின்ற நாட்களில், பக்கத்து டீசல் வரிசையில் நம் ஊர்க் காக்கா ஒருவர் தன் லொறியோடு இரண்டு பகல், ஒரு இரவு நின்றார். பெயர் வேண்டாம். நெல்லும் ஏற்றுவார், மரக்கறியும் ஏற்றுவார், ஆற்று மணலும் ஏற்றுவார். தேநீர் குடித்துக்கொண்டே நம்மிடம் கேட்டார்:

"சேர், ஒரு கணக்குச் சொல்லுங்க பாப்பம். நாலு மாசத்துக்கு முந்திப் பின் டயர் எல்லாத்தையும் புதுசாப் போட்டன். அதுக்குப் பொறகு வண்டி டீசல் கூடக் குடிக்கிது. தேஞ்ச டயர்ல நல்லா ஓடின வண்டி, புது டயர்ல ஏன் இப்பிடிச் செய்யிது?"

நாம் சிரித்துவிட்டு, "அப்படி இருக்காது காக்கா, எஞ்சினைப் பாருங்க" என்றோம். அது பிழையான பதில். இந்தப் பதிவு அந்தப் பதிலைத் திருத்துவதற்காக.

அவர் சொன்னது சரி. தேய்ந்த டயர் டீசலைக் குறைவாகத்தான் குடிக்கும். ஏன் என்று விளங்க, டயர் எதற்காகப் பிறந்தது என்பதிலிருந்து வர வேண்டும்.

காற்றடைத்த டயருக்கு முதலில் காப்புரிமை எடுத்தவர் ரொபர்ட் வில்லியம் தொம்சன் என்ற ஸ்கொட்லாந்துக்காரர். ஆண்டு 1845. அப்போது மோட்டார் வாகனமே கிடையாது, குதிரை வண்டிதான். குலுக்கலையும் சத்தத்தையும் குறைப்பதோடு, வண்டியை இழுக்கத் தேவைப்படும் பலத்தைக் குறைப்பதும் அவருடைய நோக்கம். அதாவது குதிரையின் புல்லுச் செலவு. அவர் இழுத்துப் பார்த்தபோது கரடுமுரடான கல்லுப் பாதையில்தான் மிச்சம் மிக அதிகமாக இருந்தது. நம் மூத்தவர்களுக்கு இது புதினமில்லை. இரும்புப் பட்டம் போட்ட மரச்சில்லு வண்டியைக் கழற்றி டயர்ச்சில்லு பூட்டியவர்களைக் கேட்டுப்பாருங்கள், அதே சோடி மாடு எவ்வளவு கூட இழுத்தது என்று சொல்வார்கள். தொம்சனின் டயர் அந்தக் காலத்தில் விலைபோகவில்லை. 1888இல் பெல்பாஸ்ட்டில் டன்லொப் என்ற மிருக வைத்தியர் தன் மகனின் சைக்கிளுக்காக அதை மறுபடி உண்டாக்கினார். அதன்பிறகு உலகமே இறப்பரைத் தேடத் தொடங்கியது.

அந்த இறப்பர் ஆசியாவில் முதலில் வேர்விட்ட இடங்களில் ஒன்று நம் நாடு. 1876இல் பிரேசிலிலிருந்து ஹென்றி விக்ஹாம் கொண்டுபோன விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைக்கவைக்கப்பட்டு, அந்தக் கன்றுகள் கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொடத் தோட்டத்துக்கு வந்தன. மலாயாவுக்கும் இறப்பர் போனது. அடுத்த ஐம்பது அறுபது வருடத்தில் தென்கிழக்காசியாவும் இலங்கையும்தான் உலகத்தின் டயர் என்றாகிவிட்டது.

இனி 1942.

ஜப்பான் மலாயாவைப் பிடித்தது. பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. அடுத்த மாதம் ஒல்லாந்தரின் கிழக்கிந்தியத் தீவுகளும் போயின. உலகின் இயற்கை இறப்பரில் பத்தில் ஒன்பது பங்கு வந்துகொண்டிருந்த நிலம் சில கிழமைக்குள் நேச நாடுகளின் கையை விட்டுப்போய்விட்டது. மிச்சமிருந்த பெரிய இறப்பர் நாடு இலங்கை. ஏப்ரல் 5இல் கொழும்பின் மேல் குண்டு விழுந்தது. ஏப்ரல் 9இல் நம் திருகோணமலை. சீனக்குடா விமானத்தளம், துறைமுகம் எல்லாம் தாக்கப்பட்டன, எண்ணெய்த் தாங்கி ஒன்று தீப்பிடித்து நாட்கணக்கில் எரிந்தது. ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் அதே நாள் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. துறைமுகத்தையும் கடற்படையையும் பற்றித்தான் நம் வரலாற்றுப் பாடம் சொல்கிறது. அந்தக் கடலுக்குப் பின்னால் இருந்த தீவில் இறப்பர் மரம் நின்றதைச் சொல்வதில்லை. அந்த வருடங்களில் இலங்கைத் தோட்டங்களில் மரம் பிழைக்குமா என்று பாராமல், கிடைக்கிற பாலையெல்லாம் எடு என்று வெட்டினார்கள்.

அதே நேரம் அமெரிக்காவில் நடந்ததை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். 1942 டிசம்பர் 1ஆம் திகதி முதல் நாடு முழுக்கப் பெற்றோலுக்குப் பங்கீடு வந்தது. பல மாநிலங்களில் பெற்றோல் தாராளமாக இருந்தது. எண்ணெய்க் கிணறு உள்ள ஊரிலும் பங்கீடுதான். காரணம் டயர். பெற்றோல் கையில் இருந்தால் சனம் வாகனம் ஓட்டும், ஓட்டினால் டயர் தேயும், தேய்ந்தால் மாற்ற இறப்பர் இல்லை. ஆகவே டயரைக் காப்பாற்றப் பெற்றோலைப் பூட்டினார்கள். வேகம் மணிக்கு 35 மைலுக்கு மேல் போகக்கூடாது என்றார்கள், அது 56 கிலோமீற்றர். ஒரு காருக்கு ஐந்து டயருக்கு மேல் வைத்திருந்தால் அரசாங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும்.

நாம் 2022இல் நின்றது அதற்கு நேர் எதிரான இடம். நமக்குப் பூட்டியிருந்தது எரிபொருள், இருக்கிற டயரை வைத்து அந்த எரிபொருளைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. உண்மையில் நமக்கு இரண்டுமே இல்லை. 2020இலேயே டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்துவிட்டது. இன்னொன்றும் நெஞ்சில் குத்தும். சீனக்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிவைத்த 99 தாங்கிகள் நம் பிள்ளைகள் பஸ்ஸில் போகும்போது பார்க்கிற தூரத்தில் நிற்கின்றன. 2022 ஜனவரி 6இல்தான் அவற்றுக்குப் புது ஒப்பந்தம் எழுதினார்கள். 14 இந்தியக் கம்பனிக்கு, 24 நம் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த கம்பனிக்கு. ஆறு மாதத்தில் அந்தத் தாங்கிகளின் நிழலிலேயே நாம் வரிசையில் நின்றோம்.

சரி, காக்காவின் கேள்விக்கு வருவோம்.

ஹபரணையில் தேநீருக்கு லொறியை நிறுத்தும்போது டயரில் கையை வைத்துப் பாருங்கள். சூடு. வெயில் இல்லாத இரவிலும் சூடு. அந்தச் சூடு எங்கிருந்து வந்தது? டாங்கியில் இருந்த டீசலில் இருந்துதான். டயர் உருளும்போது நிலத்தில் படுகிற இடம் நசிகிறது, விட்டதும் நிமிர்கிறது. நசிக்கக் கொடுத்த சக்தி முழுதும் நிமிரும்போது திரும்பி வருவதில்லை. ஒரு பங்கு சூடாகி வீணாகிறது. ஒரு நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான தடவை இது நடக்கிறது. நீண்ட தூரம் ஓடும் பாரலொறியின் டீசலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படி டயரில்தான் போகிறது.

நசிகிற இறப்பர் எவ்வளவு கூடவோ அவ்வளவு வீண். டயரில் அதிக இறப்பர் இருப்பது எங்கே? மேலே, நிலத்தில் படும் வெட்டில். புது டயரின் வெட்டு ஆழமாக, தடித்த கட்டிகளாக இருக்கும். ஒவ்வொரு கட்டியும் நிலத்தில் பட்டதும் அசைந்து, நெளிந்து, நிமிரும். தேய்ந்த டயரில் அந்தக் கட்டி குட்டையாகிவிடுகிறது, நெளிய இடமில்லை. அதனால்தான் தேய்ந்த டயர் இலேசாக உருளுகிறது. வெட்டின் வடிவமும் அப்படியே. நீட்டுக்கோடு போட்ட டயர் தார் வீதியில் இலேசாக ஓடும். குறுக்கே பெரிய கட்டி போட்ட டயர் சேற்றையும் மணலையும் பிடிக்கும், ஆனால் தாரில் சில வீதம் டீசலைக் கூடக் கேட்கும். காக்கா பின்னுக்குப் போட்டிருந்தது கட்டி டயர். ஆற்றங்கரையில் மணல் ஏற்ற அதுதான் வேண்டும். ஆனால் அவருடைய ஓட்டத்தில் பெரும்பகுதி தம்புள்ளைக்கும் கொழும்புக்கும்.

அவருடைய கணக்கில் இன்னொரு பிசகும் இருந்தது. கிலோமீற்றர் மானி வீதியை அளப்பதில்லை, சில்லு எத்தனை சுற்றுச் சுற்றியது என்றுதான் எண்ணுகிறது. சின்ன லொறி டயரின் ஆரை ஏறக்குறைய 40 சென்ரிமீற்றர். வெட்டு 1 சென்ரிமீற்றர் தேய்ந்தால் 39. அதாவது நூற்றுக்கு இரண்டரை குறைவு. தேய்ந்த டயர் அதே தூரத்துக்குக் கூடச் சுற்றும், மானி கூடக் காட்டும். தேய்ந்த டயரில் மானி 400 காட்டிய பாதை புது டயரில் 390 என்று காட்டும். டீசல் ஒரு சொட்டும் கூடாமலே "வண்டி கூடக் குடிக்கிது" என்று தோன்றும். காக்காவின் நட்டத்தில் ஒரு பங்கு மானி காட்டிய பொய்.

டயரின் அளவை மாற்றுகிறவர்களுக்கும் இதே பொறி. 7.50-16 போட வேண்டிய லொறிக்குக் கூடப் பாரம் தாங்கட்டும் என்று 8.25-16 போடுவது நம் பக்கம் வழக்கம். குறுக்களவு 81 சென்ரிமீற்றரிலிருந்து 86க்குப் போகிறது, ஆறு வீதம். வண்டி 100 கிலோமீற்றர் ஓடினால் மானி 94தான் சொல்லும். மானியை நம்பிக் கணக்குப் போட்டால் பெரிய டயர் டீசலைத் தின்கிறது என்று வரும். உண்மையில் பெரிய சில்லு குண்டும் குழியும் நிறைந்த வீதியில் சுகமாக ஏறி இறங்கும், கொஞ்சம் இலேசாகவே உருளும். சமதரையில் எஞ்சினும் மெதுவாகச் சுற்றும். ஆனால் பாரத்தோடு ஏற்றம் வந்தால் ஒரு கியர் முன்பே இறக்க வேண்டும், அங்கே மிச்சம் பிடித்தது போய்விடும். பின்னால் சோடி டயர் இரண்டுக்கும் இடைவெளி குறைந்து, பாரம் ஏறியதும் ஒன்றோடொன்று உரசினால் டயரே போய்விடும். நம் கருத்து, கம்பனி சொன்ன அளவை விட்டுப் போகாதீர்கள்.

மிச்சம் பிடிக்க வேறு வழி உண்டு. அதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. பழைய டயரில் நைலோன் நூல் குறுக்கும் மறுக்குமாகப் படை படையாகப் போகும். உருளும்போது அந்தப் படைகள் ஒன்றோடொன்று உரசிச் சூடேறும். பிரான்சில் மிஷ்லின் கம்பனி 1946இல் காப்புரிமை எடுத்து 1949இல் சந்தைக்கு விட்ட ரேடியல் டயரில் நூல் நேராக ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குப் போகிறது, மேலே கம்பிப் பட்டி. உரசல் குறைவு. ஐரோப்பா அதைச் சீக்கிரம் எடுத்துக்கொண்டது. எண்ணெய் மலிவாகக் கிடைத்த அமெரிக்கா அசையவில்லை. 1973இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தி விலை ஏறியபிறகுதான் அங்கும் ரேடியல் பரவியது. நம் நாட்டில் 1960களில் சோவியத் உதவியோடு களனியில் டயர்த் தொழிற்சாலை வந்தது, அதற்கும் முன்னே 1952இல் சீனாவுக்கு இறப்பரைக் கொடுத்து அரிசி வாங்கினோம். நம் மூத்தம்மாமார் கூப்பனுக்கு வாங்கி ஆக்கிய சோற்றிலும் டயரின் கதை கொஞ்சம் உண்டு.

ரேடியலின் வித்தியாசத்தை நாமே கணக்கிட்டுப் பார்த்தோம். சாதாரண தரம் 11 பிள்ளை செய்யும் கணக்குத்தான். பாரத்தோடு 10 தொன் நிறையுள்ள லொறி. நைலோன் டயரில் அதை உருட்டிக்கொண்டே இருக்க ஒவ்வொரு ஆயிரம் கிலோவுக்கும் ஏறக்குறைய 8 கிலோ பலம் வேண்டும், மொத்தம் 80. நல்ல ரேடியலில் 60 போதும். அந்த 20 கிலோ வித்தியாசத்தைத் திருகோணமலையிலிருந்து கொழும்புக்குச் சுமார் 260 கிலோமீற்றர் இழுத்துப்போனால் 51 மெகாயூல். எஞ்சின் டீசலின் சக்தியில் மூன்றில் ஒன்றைத்தான் வேலையாக மாற்றும், ஒரு லீற்றரில் 12 அல்லது 13 மெகாயூல். ஆக ஒரு வழிக்கு 4 லீற்றர். 460 ரூபாய் விலையில் 1,840 ரூபாய், போய்வர 3,680. கியூ.ஆர். முறை வந்தபோது லொறிக்கு வாரம் 50 லீற்றர் தந்தார்கள். லீற்றருக்கு 5 கிலோமீற்றர் ஓடும் வண்டி அதை வைத்துக்கொண்டு கொழும்புக்குப் போய்ச்சேரவும் காணாது. அந்தக் கணக்கில் 4 லீற்றர் பெரிய காரியம்.

இதைவிட மலிவானது காற்று. குறிப்பிட்ட அளவைவிட 10 பவுண்ட் குறைந்தால் டீசல் ஏறக்குறைய ஒரு வீதம் கூடப் போகும், டயரின் ஆயுளும் குறையும். மணலில் இறங்குகிற டிப்பர்க்காரர் காற்றை இறக்கிவிட்டு ஓட்டுவது விளக்கமான வேலைதான், பரந்த டயர் மணலில் புதையாது. பிழை எங்கே என்றால், அதே காற்றோடு தார் வீதியில் ஏறிக் கந்தளாய் வரை போவது. காற்றை விடியற்காலையில், வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். ஓடிவந்த சூட்டில் அளந்தால் மானி கூடக் காட்டும், "காணும்" என்று விட்டுவிடுவோம்.

இனி, நாம் எழுதத் தயங்கிய பகுதி.

தேய்ந்த டயர் டீசலை மிச்சம் பிடிக்கும் என்பதைக் காக்கா தன் அனுபவத்தில் கண்டுபிடித்திருந்தார். நாம் வரிசையில் சிரித்துவிட்டு வந்துவிட்டோம். அவர் வீட்டுக்குப் போய்ப் புது டயர்களைக் கழற்றி வைத்துவிட்டு, மூலையில் கிடந்த பழையவற்றைத் திரும்பப் பூட்டினார். வாரம் 50 லீற்றரில் அது அவருக்கு ஓரிரு லீற்றரைத் தந்திருக்கும். ஓகஸ்ட், செப்டெம்பர் வெயிலில் ஒன்றும் நடக்கவில்லை. நவம்பரில் மாரி தொடங்கியது. ஒரு அதிகாலை மழையில், முன்னால் மாடு குறுக்கே வர பிரேக் பிடித்தார். லொறி நிற்கவில்லை, சறுக்கிக்கொண்டு போய் வயலுக்குள் சரிந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை, அல்ஹம்துலில்லாஹ். வலது கை இரண்டு இடத்தில் முறிந்தது. ஏற்றிய நெல் சேற்றில். மூன்று மாதம் ஸ்டியரிங் பிடிக்கவில்லை. அவருடைய இளைய மகள் அப்போது நம் வகுப்பில் இருந்தாள், அந்த மூன்று மாதமும் அவள் எப்படி வந்தாள் என்பது நமக்குத் தெரியும்.

டயரின் வெட்டு அழகுக்கு இல்லை. மழையில் டயருக்கும் தாருக்கும் நடுவே நீர் நிற்கும். அந்த நீர் ஓடிப்போகிற வாய்க்கால்தான் வெட்டு. வாய்க்கால் இல்லையென்றால் டயர் நீரின் மேல் நிற்கும், பிரேக் சில்லை நிறுத்தும், வண்டியை நிறுத்தாது. வறண்ட தாரில் மொட்டை டயர் நல்ல பிடியாகவே தெரியும், அதுதான் ஆளை ஏமாற்றுகிறது. டீசலைக் குறைக்கிற அதே காரணம்தான் மழையில் பிடியையும் குறைக்கிறது. அன்று வரிசையில் இரண்டு வசனத்தில் இதைச் சொல்லியிருக்கலாம். நாம் எஞ்சினைப் பார்க்கச் சொன்னோம்.

கை கூடியபிறகு காக்கா வீட்டுக்கு வந்தார். கோபமில்லை. "சேர், இப்ப சொல்லுங்க, எந்த டயர் போடுற?" என்றார். மகளின் பழைய கொப்பியைத் தரச்சொல்லி அதன் பின்பக்கத்தில் எழுதிக்கொடுத்தோம். முன்னுக்கு நீட்டுக்கோடு போட்ட ரேடியல். பின்னுக்கும் அதே, வெட்டு ரொம்ப ஆழமில்லாதது. மணல் வேலை வேறு வண்டிக்காரருக்கு. புதிதாய் நாலு வாங்கக் காசில்லையென்றால் நல்ல உடம்புள்ள ரேடியலை றீபில்ட் பண்ணலாம், ஆனால் கடைக்காரர் கட்டி வெட்டு ஒட்ட விடவேண்டாம், முன்னுக்கு றீபில்ட் வேண்டாம். மாரிக்கு முன், ஒக்டோபரில், வெட்டு எவ்வளவு மிச்சம் என்று பார்க்க வேண்டும். அரைவாசி தேய்ந்ததும் டீசல் நன்றாகத்தான் இருக்கும், அந்த மாதங்களை அனுபவிக்கலாம், மொட்டையாகும்வரை விடக்கூடாது.

பிறகு காற்று மானியை எடுத்துக்கொண்டு வாசலில் நின்ற லொறிக்குப் போனோம். முன் டயர் இரண்டிலும் 20 பவுண்ட் குறைவு. பின்னுக்கு வெளிப்பக்கத்து டயர் பரவாயில்லை. உட்பக்கத்து டயரின் வால்வுக்கு மானி எட்டவில்லை, சோடி டயருக்கு நடுவே கைமுட்டி அளவு கல் ஒன்று இறுகியிருந்தது. அதைக் கம்பி போட்டுக் கெம்பி எடுத்து முடிய அஸர் பாங்கு சொல்லிவிட்டார்கள். கல்லை வேலியோரம் எறிந்துவிட்டு, "இது எத்தின லீற்றர் சேர்?" என்று கேட்டார் காக்கா.